வீல் ஃபிட்மென்ட்ல லிஃப்ட் அசிஸ்ட்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஓசூர் பக்கம் அசெம்பிளி லைன்ல வேலை பாக்குற பசங்க, லைன் லீடருங்க, புதுசா சேர்ந்த ட்ரெய்னிங்க, சேஃப்டி டிபார்ட்மென்ட்காரங்கன்னு எல்லாரும் வண்டில வீல் மாட்ட உதவுற லிஃப்ட் அசிஸ்ட் மெஷினைப் பத்தித்தான் திரும்பத் திரும்ப கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போட்டு தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதனால ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். கேள்விங்களை அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன், மேல இருந்து கீழ படிச்சா நல்லது, ஏன்னா பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னதை மறுபடி சொல்ல மாட்டேன்.

வீல் லிஃப்ட் அசிஸ்ட்னா என்ன சார், சின்ன க்ரேன் மாதிரியா?

க்ரேன் மாதிரியும் இருக்கும், ஆனா வேலை வேற. க்ரேன்ல பட்டனை அழுத்துவோம், அது தூக்கும், நாம தள்ளி நிப்போம். லிஃப்ட் அசிஸ்ட்ல ஆளோட கை எப்பவும் ஹேண்டில்லயே இருக்கும், வெயிட்டை மட்டும் மெஷின் வாங்கிக்கும், எங்க கொண்டு போகணும், எவ்வளவு திருப்பணும், எப்போ நிறுத்தணும்ங்கறதெல்லாம் ஆபரேட்டர் கையில. கன்வேயர்ல வர்ற வீலை கிரிப்பர் பிடிக்கும், படுத்திருந்தா நிமித்தும், கார் ஹப் (வீல் உக்கார்ற நடு பாகம்) உயரத்துக்குக் கொண்டு போகும், ஸ்டட்ல (ஹப்ல நீட்டிட்டு இருக்கிற, நட்டு ஏத்துற திருகு கம்பி) மாட்டினதும் விட்டுட்டு வந்துடும். நம்ம ஷாப்ல இதை மேனிபுலேட்டர்ம்பாங்க, பேலன்சர்ம்பாங்க, ஜீரோ கிராவிட்டி ஆர்ம்னு சொல்றவங்களும் உண்டு.

ஒரு கார் வீல் 15, 16 கிலோ தானே ப்ரோ? அரிசி மூட்டையே 25 கிலோ தூக்குறோம், இதுக்குப் போய் லட்சக்கணக்குல மெஷினா?

அதிகமா வர்ற கேள்வி இதுதான். மூட்டையை மாசத்துக்கு ஒரு தடவை தூக்குவீங்க. மணிக்கு 60 கார் ஓடுற லைன்ல ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள்னு வெச்சுக்குங்க, முன் வீல் பின் வீல் ரெண்டும் அவர்தான், அப்போ மணிக்கு 120 வீல். டீ, சாப்பாடு போக ஏழரை மணி நேரம்னா 900 வீல். வீலுக்கு 16 கிலோன்னு போட்டா ஒரு ஷிஃப்ட்ல ஒரே ஆள் கை வழியா 14,400 கிலோ போகுது, பதினாலு டன்னுக்கு மேல! பக்கத்துக்கு ரெண்டு பேர் போட்டாலும் ஆளுக்கு ஏழு டன் வருது, மறுநாளும் அதேதான், அதுக்கு மறுநாளும்.

அதோட இப்போ எல்லாரும் எஸ்யூவி கேக்குறாங்க, வீல் 13, 14 இஞ்ச்ல இருந்து 17, 18க்கு போயிடுச்சு, டயரோட சேத்தா 20 கிலோ தாண்டி 25 வரைக்கும் போற மாடல் இருக்கு. வெயிட்டை மட்டும் பாத்து "இது சின்ன வேலை"ன்னு முடிவு பண்ணாதீங்க, எத்தனை தடவை, உடம்புல இருந்து எவ்வளவு தள்ளி, எந்த உயரத்துல இருந்துன்னு பாக்கணும். முதுகு கெடுறது பெரும்பாலும் இந்த மூணாலதான்.

சரி, எத்தனை கிலோவுக்கு மேல போனா மெஷின் வெக்கணும்? ஒரு நம்பர் சொல்லுங்க சார்.

ஒரே நம்பர் கிடையாது, ஆனா கணக்கு இருக்கு. அமெரிக்காவோட நையாஷ்ங்கற (NIOSH) தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு 1981ல ஒரு தூக்குற கணக்கு கொண்டு வந்து 1991ல திருத்துச்சு, உலகம் பூரா எர்கோனாமிக்ஸ்காரங்க (வேலையை உடம்புக்கு ஏத்த மாதிரி அமைக்கிறவங்க) இன்னிக்கும் அதைத்தான் போடுறாங்க. அதுல ஆரம்ப எடை 23 கிலோ. அதாவது எல்லாமே சரியா இருந்தா, சாமான் உடம்பை ஒட்டி இருந்து, இடுப்புக்கு மேல 75 செ.மீ. உயரத்துல, முறுக்காம, எப்பவோ ஒரு தடவை தூக்கினா 23 கிலோ. மன்னிக்கணும், இடுப்புக்கு மேல இல்ல, தரையில இருந்து 75 செ.மீ., ஏறக்குறைய கை தொங்கவிட்டா விரல் முட்டி வர்ற இடம். நிலைமை மோசமாக மோசமாக அந்த 23ஐ குறைச்சுக்கிட்டே வரணும்.

ஒரு உதாரணம் போடுவோம். வீல் 18 கிலோ, பேலட்ல கீழ கிடக்கு, கை பிடிக்கிற இடம் தரையில இருந்து 30 செ.மீ., உடம்புல இருந்து 50 செ.மீ. தள்ளி, 45 செ.மீ. மேல தூக்கணும், 45 டிகிரி திரும்பி எடுக்கணும், நிமிஷத்துக்கு ரெண்டு, நாள் முழுக்க. தள்ளி இருக்கிறதுக்கு 0.5, உயரத்துக்கு 0.865, தூக்குற தூரத்துக்கு 0.92, திரும்புறதுக்கு 0.856, எண்ணிக்கைக்கு 0.65, பிடிக்குக் கொஞ்சம் குறைச்சு 0.95. எல்லாத்தையும் 23ஓட பெருக்கினா சுமார் 4.8 கிலோதான் வருது. தூக்கச் சொல்றது 18, தூக்கலாம்னு கணக்கு சொல்றது 4.8, ரெண்டையும் வகுத்தா 3.7. அந்த நம்பர் 1க்குள்ள இருந்தா நிம்மதி, 1 தாண்டினா யோசிக்கணும், 3க்கு மேல போனா அந்த ஸ்டேஷனை அப்படியே விட்டு வெக்கவே கூடாது.

அப்போ மெஷின் வாங்காமலே ஏதாவது பண்ண முடியாதா? பட்ஜெட் இல்ல அண்ணே.

முடியும், முதல்ல அதைத்தான் பண்ணணும். மேல போட்ட அதே கணக்குல அதே 18 கிலோ வீலை ரோலர் கன்வேயர்ல ஏத்தி கை பிடிக்கிற இடம் 75 செ.மீ. வர்ற மாதிரி வெச்சு, நேரா நின்னு எடுக்கிற மாதிரி கன்வேயரைத் திருப்பி, உடம்புக்கு 40 செ.மீ. கிட்ட கொண்டு வந்தா என்ன ஆகுதுன்னு போட்டுப் பாருங்க. தூரத்துக்கு 0.625, எண்ணிக்கைக்கு அதே 0.65, மத்ததெல்லாம் 1. தூக்கலாம்ங்கற எடை 9.3 கிலோவா ஏறிடுது, விகிதம் 3.7ல இருந்து 1.9க்கு இறங்கிடுது. வெறும் ரோலரும் ஆங்கிளும் வெல்டிங்கும், வேற ஒண்ணும் இல்ல.

கார் எந்த உயரத்துல வருதுங்கறதையும் பாருங்க. ஹேங்கர்ல தொங்கி வர்ற லைன்ல ஹப் ஆள் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வர்ற மாதிரி வெக்கலாம், தரையோட ஓடுற கன்வேயர்ல குனிஞ்சுதான் மாட்டணும். டயர் சப்ளை பண்றவங்க கார் வர்ற வரிசையிலயே வீலை அடுக்கி அனுப்பினா தேடுறதும் இல்ல, மாத்தி எடுக்கிறதும் இல்ல. ஆனா 1.9ம் 1க்கு மேலதான், அதை மறந்துடாதீங்க. மிச்சத்தை மெஷின்தான் எடுக்கணும், இல்லன்னா ஆளை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திவிடணும்.

எத்தனை வகை இருக்கு? எங்களுக்கு எது சரி வரும்?

சுருக்கமா சொல்றேன். ஸ்பிரிங் பேலன்சர்ங்கறது டூல் தொங்கவிட, வீல் தூக்க இல்ல, அதை விட்டுடுங்க. காத்துல ஓடுற, கயிறு தொங்குற ஏர் பேலன்சர், மோட்டார்ல ஓடுற, கயிறு தொங்குற சர்வோ பேலன்சர், ரோப்பே இல்லாம முழங்கை மாதிரி மடங்குற ரிஜிட் ஆர்ம், தரையில தள்ளிட்டுப் போற பேட்டரி ட்ராலி, அவ்வளவுதான் முக்கியமானது. வேக்குவம் கப்பும் காட்டுவாங்க, கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் அது அருமை, ஸ்போக் ஸ்போக்கா ஓட்டையா இருக்கிற அலாய்ல எங்க ஒட்டும்?

வீலுக்குன்னு ஒரு தனித் தொல்லை இருக்கு, கேட்டலாக் பாத்து வாங்குறவங்க இதுலதான் மாட்டிக்குவாங்க. வீல் போய் உக்காரணும்னா ஃபெண்டருக்கு (வீலுக்கு மேல வர்ற பாடி தகடு) கீழ, வளைவுக்கு உள்ள போகணும். கயிறு மேல இருந்து நேரா தொங்கினா அது ஃபெண்டர்ல இடிக்கும், பெயின்ட் போகும். அதனால கிரிப்பர் முன்னாடி நீட்டி இருக்கணும், கயிறு வெளிய, வீல் உள்ள. அப்படி நீட்டினா முன்பக்க கனம் கவுக்கும், கயிறு அந்தக் கவுக்குற விசையைத் தாங்காது, ஒண்ணு பின்னாடி எதிர் எடை வெக்கணும், இல்ல ரிஜிட் ஆர்ம் போடணும். காருக்கு ரிஜிட் ஆர்மைத்தான் நான் சொல்லுவேன். எதிர் எடை வெச்சா ஏன் வம்புன்னு பத்தாவது கேள்வில வருது.

ஏர் பேலன்சரா, சர்வோவா? ரேட் வித்தியாசம் ரொம்ப இருக்கே.

ஏர்ல டிரம்ல கயிறு சுத்தி இருக்கும், காத்து அழுத்தி எடையைச் சமன் பண்ணும், பிளான்ட் ஏர் 6 பார் இருந்தா போதும், ரிப்பேரும் நம்ம மெயின்டனன்ஸ் பசங்களே பாத்துக்குவாங்க. சிக்கல் என்னன்னா அதுக்கு முன்கூட்டியே எடை செட் பண்ணணும், காலி கிரிப்பருக்கு ஒண்ணு, வீலோட ஒண்ணு. ஒரே லைன்ல 14 கிலோ ஸ்டீல் வீலும் 23 கிலோ அலாயும் மாறி மாறி வந்தா செட்டிங் பொருந்தாது, லேசானது மேல ஏறிக்கிட்டே போகும், கனமானது கீழ இறங்கும், ஆள் அதோட மல்லுக்கட்டுவார்.

சர்வோல லோட் செல் இருக்கு, எடையை அதுவே பாத்துக்கும், கை லேசா தூக்கினா தூக்கும், அமுக்கினா இறங்கும். ஒரே மாடல் ஓடுற லைனுக்கு ஏர் போதும், கலந்து ஓடுற லைன்னா சர்வோவுக்கு காசு தேத்துங்க. ஒரு விஷயம், மழைக்காலத்துல ஏர் லைன்ல தண்ணி வரும், ஃபில்டரை தினமும் வடிக்காத பிளான்ட்ல ஏர் பேலன்சர் ஜெர்க் அடிக்க ஆரம்பிச்சா மெஷினைத் திட்டாதீங்க.

கிரிப்பர் அலாய்ல கீறல் போடாதா? கஸ்டமர் டெலிவரில முதல்ல பாக்குறதே அதைத்தான்.

நல்ல கிரிப்பர் அலாயைத் தொடவே தொடாது. டயரோட தரையில ஓடுற பக்கம் இருக்கே, அந்த ரப்பரை ரெண்டு பக்கமும் கை மாதிரி அணைச்சுப் பிடிக்கும். அந்தப் பிடிக்கிற கையைத்தான் தாடைம்போம், அதுல பாலியூரித்தேன் இல்ல நைலான் ரோலர். சைட்வாலை, அதாவது டயரோட பக்கவாட்டை, அமுக்குற டிசைன் வேண்டாம். ரிம் ஓட்டையில கொக்கி விடுற டிசைன் கொண்டு வந்தா டீ குடுத்து அனுப்பிடுங்க. வால்வு பக்கம், அதுக்கு உள்ள பிரஷர் சென்சார் இருக்கிற மாடல்னா இன்னும் கவனமா, எதுவும் முட்டக் கூடாது.

அளவு வித்தியாசம் எவ்வளவு வரும்னு கேப்பாங்க. டயர் சைஸ்லயே இருக்கு, போட்டுக்குங்க: 155/80 ஆர்13ன்னா ரிம் 330 மி.மீ., ரெண்டு பக்க சைட்வால் 248, மொத்தம் 578. 235/65 ஆர்17ன்னா 432ம் 305ம் சேந்து 737. இந்த ரெண்டும் ஒரே லைன்ல வந்தா தாடை 570ல இருந்து 745 வரைக்காவது திறந்து மூடணும், பிடிச்ச பிறகு வீல் நடு மையம் மாறாம இருக்கணும், அதாவது ரெண்டு தாடையும் சேந்து நகரணும். ஒரு தாடை மட்டும் நகர்ற டிசைன்ல சைஸ் மாறும்போதெல்லாம் ஹப் உயரம் தப்பும்.

ஸ்டட்டும் ஓட்டையும் நேரா வரவே மாட்டேங்குது, அதுலதான் டைம் போகுது. என்ன பண்றது?

கையில மாட்டும்போது முழங்காலால ஒரு முட்டு குடுத்து வீலைக் கொஞ்சம் சுத்தி டக்குனு ஏத்திடுவாங்க, மெஷின்ல அந்த முட்டு கிடையாது. அதனாலதான் தாடைல ரோலர் வேணும்னு முன்னாடியே சொன்னேன். பிடிச்சிருக்கும்போதே வீலை கையால சுத்த முடியணும். அஞ்சு ஓட்டைன்னா அதிகபட்சம் 36 டிகிரி, நாலுன்னா 45 டிகிரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சுத்தினா பொருந்திடும். ஹப்பையே சுத்த முடிஞ்சா இன்னும் சுலபம், ஆனா கியர்லயோ ஹேண்ட் பிரேக்லயோ வர்ற ஆக்ஸில்ல நடக்காது.

ஸ்டட் இல்லாம போல்ட் போடுற மாடல் வந்தா கூடுதல் வேலை, ஐரோப்பிய கார் நிறைய அப்படித்தான். வீல் தொங்க ஒண்ணுமே இருக்காது, கிரிப்பர் விட்டா வீல் கால்ல. அதுக்கு ஹப் ஓட்டையில நீளமா ஒரு கைடு பின் முறுக்கி, வீலை அதுல ஏத்தி, மத்த ஓட்டையில போல்ட் போட்ட பிறகு பின்னைக் கழட்டணும். அந்தப் பின்னை மறந்து விட்டுட்டா அடுத்த ஸ்டேஷன் கண்டுபிடிக்கிற மாதிரி பின்னுக்குப் பளிச்சுனு கலர் அடிச்சு, எண்ணி வெக்கிற ஸ்டாண்டும் போடுங்க.

நட் ரன்னரையும் அதே ஆர்ம்ல மாட்டிட்டா ஒரே வேலையா முடிஞ்சிடாதா?

கேக்க நல்லாத்தான் இருக்கு. கார் வீல் நட்டுக்கு மாடலைப் பொறுத்து 90ல இருந்து 120 நியூட்டன் மீட்டர் வரைக்கும் முறுக்குவோம், மல்டி ஸ்பிண்டில் டூல் அஞ்சையும் ஒண்ணா முறுக்கும்போது எதிர்விசை ஒண்ணுக்கொண்ணு டூலுக்குள்ளயே அடங்கும், ஆனா டூலே கனம், கிரிப்பரோட சேத்தா ஆர்ம் யானை மாதிரி ஆயிடும். வீல் தூக்குறது ஒரு ஆர்ம், நட் முறுக்குறது தனி ஆர்ம், இதுதான் சரி. நடுவுல ஆள் கையால நட்டை ரெண்டு மூணு சுத்து ஏத்தி விடணும், அப்போதான் த்ரெட் கோணலா பிடிக்காது. டார்க் (முறுக்கு விசை) ரிசல்ட் கார் நம்பரோட பதிவாகணும், அது பாதுகாப்பு விஷயம், லிஃப்ட் அசிஸ்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஜீரோ கிராவிட்டின்னு சொல்லி வாங்கினாங்க, ஆனா தள்ளும்போது தோள்பட்டை வலிக்குது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தல, எடைதான் போச்சு, நிறை போகல. 18 கிலோ வீல், 45 கிலோ கிரிப்பர், எதிர் எடை வெச்சிருந்தா இன்னொரு 40ன்னு வெச்சுக்குங்க, நூறு கிலோவுக்கு மேல ஒண்ணை நிமிஷத்துக்கு நாலு தடவை கிளப்பி நாலு தடவை நிறுத்துறீங்க. லோடு ஏத்தின தள்ளுவண்டி மாதிரிதான், ஓடுறப்போ சும்மா போகும், கிளப்புறப்பவும் நிறுத்துறப்பவும்தான் உயிர் போகும். பழைய வலி கீழ் முதுகுல இருந்துச்சு, இப்போ தோளுக்கு ஏறிடுச்சு. இதுதான் எதிர் எடை டிசைனை நான் வேண்டாம்னதுக்குக் காரணம்.

செய்ய வேண்டியது: கிரிப்பரை அலுமினியத்துல இளைக்க வையுங்க. மேல ரெயில் பழைய ஐ பீமா இருந்தா மூடின அலுமினிய ட்ராக்குக்கு மாத்துங்க, உருள்ற உராய்வு நல்லாவே குறையும். ஹேண்டில் எங்க இருக்குன்னு பாருங்க, கனத்தோட மையத்துக்குப் பக்கத்துல இல்லாம ஒரு ஓரமா இருந்தா தள்ளுறப்போ மொத்தமும் சுத்தப் பாக்கும், ஆள் மணிக்கட்டை முறுக்கி அதை அடக்குவார். ஒரு ஸ்பிரிங் தராசை ஹேண்டில்ல மாட்டி இழுத்து, கிளப்ப எவ்வளவு விசை ஆகுதுன்னு வாங்குற அன்னிக்கே எழுதி வெச்சுக்குங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி இழுத்தா பேரிங் செத்துதா இல்லையான்னு நம்பர்ல தெரியும்.

மெஷின் வெச்சோம் சார், ஒருத்தனும் யூஸ் பண்ண மாட்டேங்குறான். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாமா?

அவசரப்படாதீங்க, முதல்ல ஸ்டாப் வாட்ச் எடுத்துக்கிட்டு போங்க. கையில ஒரு வீல் மாட்ட ஏழெட்டு செகண்ட் ஆகுது, உங்க மெஷின்ல பதினெட்டு ஆகுதுன்னா, நிமிஷத்துக்கு ஒரு கார் வர்ற லைன்ல ரெண்டு வீலுக்கும் 36 செகண்ட் போயிடும், மிச்சத்துல நட்டு ஏத்தணும், ஸ்டிக்கர் பாக்கணும், ஸ்கேன் பண்ணணும். லைன் நின்னா யாரைக் கேப்பீங்க? அவரைத்தானே? அவர் மெஷினை ஓரங்கட்டுறது சோம்பேறித்தனம் இல்ல, டாக்ட் டைம், அதாவது ஒரு காருக்கு லைன் குடுக்கிற நேரம். ஒரு பிளான்ட்ல வெளிநாட்டு மேனிபுலேட்டர், பளபளன்னு, ஹேண்டில்ல லஞ்ச் பேக் ரெண்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கிரிப்பர் பட்டனுக்கு மேல ஒட்டின பிளாஸ்டிக் ஷீட்டையே இன்னும் உரிக்கல.

பெரும்பாலும் நேரம் தின்னுறது தூக்குறதுல இல்ல, திரும்பி வர்றதுல. லைன் நகர்ந்துக்கிட்டே இருக்கு, ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் பிட்ச் (இடைவெளி) 6 மீட்டர், நிமிஷத்துக்கு ஒரு கார்னா நொடிக்கு 10 செ.மீ., முப்பது செகண்ட்ல ஆர்மோட 3 மீட்டர் நடந்திருப்பார், அதை மறுபடி பின்னாடி இழுத்துட்டு வரணும். வீல் இறக்குற கன்வேயரோட முனை முன் வீலுக்கு ஒண்ணு, பின் வீலுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வெச்சா பாதி நடை போயிடும். ஹேங்கரைப் பிடிச்சுக்கிட்டு லைனோடவே ஆர்ம் போற மாதிரி ஒரு கொக்கி, வேலை முடிஞ்சதும் தானா திரும்புற மாதிரி ரெயில்ல லேசான சரிவு இல்ல ஒரு சிலிண்டர், இதெல்லாம் பண்ணுங்க. கையை விட மெஷின் ரெண்டு மூணு செகண்ட் கூட எடுத்தா ஆளுங்க பொறுத்துக்குவாங்க, ரெண்டு மடங்கு எடுத்தா எந்த மெமோவும் வேலைக்கு ஆகாது.

லேடீஸ் ஆபரேட்டர்ஸை வீல் ஸ்டேஷன்ல போடலாமா?

தாராளமா. முன்னாடி சொன்ன அந்த 23 கிலோங்கறதே, நல்ல நிலைமையில, பெண் தொழிலாளிங்கள்ல 75 சதவீதம் பேருக்கும் ஆம்பளைங்கள்ல 99 சதவீதம் பேருக்கும் சரிப்படும்ங்கற அடிப்படையில வெச்சது. விகிதம் 1க்குள்ள கொண்டு வந்துட்டா அந்த ஸ்டேஷன் யாருக்கும் ஸ்டேஷன்தான். தப்பு எங்க நடக்குதுன்னா, வெளிநாட்டு சராசரி உயரத்துக்குச் செஞ்ச ஹேண்டிலை அப்படியே இறக்கி, 150 செ.மீ. உயரம் இருக்கிற பொண்ணு தோளுக்கு மேல கையைத் தூக்கி நாள் முழுக்க ஓட்டுற மாதிரி விட்டுடுவாங்க. ஹேண்டில் உயரம் மாத்துற வசதி வேணும், பட்டன் கட்டை விரலுக்கு எட்டணும். இது குள்ளமான ஆம்பளைங்களுக்கும் சேத்துத்தான்.

லாரி வீலுக்கும் இதே மெஷின் ஆகுமா? நாங்க டிரக் லைன்.

ஆகவே ஆகாது, அது வேற உலகம். 295/80 ஆர்22.5 டயரும் ஸ்டீல் ரிம்மும் சேந்தா நூறு கிலோ பக்கம். பத்து வீல் வண்டின்னா ஸ்டெப்னியோட பதினொண்ணு, ஒரு வண்டிக்கே ஒரு டன்னுக்கு மேல. இதை ஆள் தூக்குறதுங்கற பேச்சே இல்ல, இருந்தாலும் பல இடத்துல உருட்டிட்டு வந்து கடப்பாரை வெச்சு நெம்பி ஏத்துறது நடக்குது, உருண்டு வர்ற நூறு கிலோ வீல் சாய ஆரம்பிச்சா அதைப் பிடிச்சு நிறுத்தப் பாக்குறதுதான் பெரிய அடியே வாங்கித் தர்றது. சாய்ஞ்சா விட்டுடு, தள்ளி நில்லு, இதை முதல் நாளே ட்ரெய்னிக்குச் சொல்லிடணும்.

டிரக்ல பின் ஆக்ஸில் ஹப் நீளமா வெளிய நீட்டிட்டு இருக்கும், அதைத் தாண்டி வீல் உள்ள போகணும். பின்னாடி இரட்டை வீல்ல ரெண்டு டிஸ்க்கும் ஒட்டி நிக்கணும், அதனால உள் வீல் ஒரு பக்கமாவும் வெளி வீல் எதிர்ப் பக்கமாவும் பாத்து வரணும். கிரிப்பர் 180 டிகிரி திருப்பணும், இல்ல கன்வேயர்லயே மாத்தி மாத்தி வரிசை போட்டு அனுப்பணும், ரெண்டாவதுதான் மலிவு. ரெண்டு வீலோட வால்வும் எதிர் எதிரா வந்தாத்தான் பின்னாடி காத்து அடிக்க வசதி, அதுக்காகவும் வீல் கிரிப்பர்ல சுத்தணும். நட்டு எம்22, டார்க் 600 நியூட்டன் மீட்டர் பக்கம் போகும், கையில முறுக்குற பேச்சு இல்ல.

கரண்ட் போனா, ஏர் போனா வீல் தலையில விழுமா?

ஒழுங்கா செஞ்ச மெஷின்ல விழாது. ஏர் போனா நான் ரிட்டர்ன் வால்வு காத்தை உள்ளயே அடைச்சு வெக்கும், தாடை பிடிச்ச பிடி விடாது, ஆர்ம் அப்படியே நிக்கும் இல்ல ரொம்ப மெதுவா இறங்கும். சர்வோவுக்கு மோட்டார்லயே பிரேக் இருக்கு, கரண்ட் இல்லன்னா பிரேக் பிடிச்சுக்கும்.

அதை விட ஆபத்தானது தலைகீழ் கதை. வீல் தொங்கும்போது யாராவது தெரியாம ரிலீஸ் பட்டனை அழுத்திட்டா வீல் விழும், அதே நொடியில கனம் போன ஆர்ம் மேல பாய்ஞ்சு முகத்துல அடிக்கும். அதுக்கு ரெண்டு பூட்டு வேணும். எடை ஸ்டட் மேல உக்காந்துடுச்சுன்னு மெஷின் உணர்ந்தாத்தான் தாடை திறக்கணும், அதுவும் ரெண்டு பட்டனை ஒண்ணா அழுத்தினா மட்டும். திடீர்னு கனம் போனா டிரம்மை நிறுத்துற சென்ட்ரிஃபியூகல் பிரேக்கும் இருக்கணும். டெமோ காட்ட வர்றவங்ககிட்ட வீலைத் தொங்கவிட்டு ரிலீஸை அழுத்தச் சொல்லுங்க, அவர் தயங்கினாருன்னா உங்களுக்குப் பதில் கிடைச்சிடுச்சு. ஆள் எல்லாம் தள்ளி நின்னுக்கிட்டுத்தான் இதைச் செய்யணும்.

இதுக்கு சர்டிஃபிகேட் வேணுமா? இன்ஸ்பெக்டர் கேப்பாரா?

1948 பேக்டரி சட்டத்தோட 29ஆம் பிரிவுல தூக்குற மெஷின், சங்கிலி, கயிறு எல்லாம் வந்துச்சு. 12 மாசத்துக்கு ஒரு தடவையாவது தகுதி உள்ள ஆள் முழுசா சோதிக்கணும், ரெஜிஸ்டர் வெக்கணும், எவ்வளவு எடை தூக்கலாம்னு மெஷின் மேல தெளிவா எழுதி இருக்கணும்னு அதுல இருந்துச்சு. 34ஆம் பிரிவு ஆளுக்குக் காயம் வர்ற அளவு கனத்தைத் தூக்கச் சொல்லக் கூடாதுன்னுச்சு. 2025 நவம்பர்ல 2020 தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தோட இடத்துக்கு வந்துடுச்சு, அதனால எந்த ஃபார்ம், எந்த விதின்னு உங்க சேஃப்டி ஆபீசர்கிட்ட கேட்டுக்குங்க, வருஷாந்திர சோதனையை மட்டும் விட்டுடாதீங்க.

எழுதி வெக்கிற எடையில கிரிப்பர் எடையும் சேரணும், இதைப் பல பேர் விட்டுடுறாங்க. ஹாயிஸ்ட் (தூக்குற யூனிட்) 80 கிலோ தாங்கும், கிரிப்பர் 45, அப்போ மிச்சம் 35 மட்டும்தான். வெளிநாட்டுல இருந்து வாங்குறீங்கன்னா கையால ஓட்டுற மேனிபுலேட்டருக்குன்னே ஐரோப்பாவுல இஎன் 14238ன்னு ஒரு தரம் இருக்கு, அதுக்கு ஒத்து வருதான்னு கேளுங்க.

இடுப்பு பெல்ட் குடுத்துட்டா போதாதா? எக்ஸோ சூட்னு ஒண்ணு வந்திருக்காமே?

பெல்ட்டைப் பத்தி அதே நையாஷ் 1994லயே சொல்லிடுச்சு, அடிபடாத ஆளுக்கு அது முதுகைக் காப்பாத்தும்ங்கறதுக்குச் சான்று இல்லைன்னு. பெல்ட் போட்டுட்டோம்ங்கற தைரியத்துல கூட தூக்குறதுதான் நடக்கும். எக்ஸோ சூட்டுங்கறது உடம்புல மாட்டிக்கிற தாங்கி, அது அண்டர்பாடில (வண்டிக்கு அடியில) கையை மேல தூக்கிக்கிட்டு வேலை பாக்குறவங்களுக்கு உதவும்னு பல கம்பெனி ட்ரை பண்றாங்க. ஆனா 20 கிலோ வீலை அது தூக்காது, வீல் கையிலதான் இருக்கும். அதோட மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல அதை எட்டு மணி நேரம் மாட்டிப் பாருங்க.

ஒரேயடியா ரோபோ வெச்சுட்டா இந்தத் தொல்லையே இல்லையே?

வெச்சிருக்காங்க, கேமரால ஸ்டட் எங்க இருக்குன்னு பாத்து, வீலை எடுத்து மாட்டி, அஞ்சு நட்டையும் முறுக்கிடும். ஆனா ஹப் ஒவ்வொரு கார்லயும் ஒரே இடத்துல நிக்காது, சஸ்பென்ஷன் தொங்கும், ஸ்டீயரிங் லேசா திரும்பி இருக்கும், அதையெல்லாம் ஆள் கண்ணு ஒரு நொடியில சரி பண்ணிக்கும், ரோபோவுக்கு அதுக்குன்னு கேமரா, லைன் ட்ராக்கிங், வேலி, எல்லாம் வேணும். எண்ணிக்கை பெருசா, மாடல் கம்மியா இருக்கிற லைன்ல காசு திரும்பும். மணிக்கு 20, 30 வண்டி ஓடுற இடத்துல நல்ல ஆர்மும் நல்ல கன்வேயரும் போதும்ங்கறது என் அபிப்பிராயம், ரோபோ விக்கிறவங்க வேற சொல்லுவாங்க.

ஹைவேல லாரி டயர் கடை வெச்சிருக்கேன் அண்ணே, எனக்கு இதுல எதாவது உதவுமா?

மேனிபுலேட்டர் வேண்டாம், வீல் டாலி வாங்குங்க. கீழ ரெண்டு ரோலர், அது மேல வீல் உக்காரும், கை பம்ப்ல ஏத்தி இறக்கலாம், ரோலர் மேலயே வீலைச் சுத்தி ஸ்டட் பொருத்தலாம். கரண்ட் வேணாம், ஏர் வேணாம். சின்ன சக்கரம் வெச்சதை வாங்காதீங்க, உங்க கடை வாசல் மண்ணுல புதைஞ்சிடும்.

அம்பத்தூர்ல தெரிஞ்ச ஃபேப்ரிகேட்டர் இருக்கார், பாதி ரேட்ல பண்ணித் தர்றேங்குறார். நம்பலாமா?

கிரிப்பர், ஸ்டாண்டு, கன்வேயர் எல்லாம் அங்கயே அருமையா பண்ணுவாங்க, மாத்தணும்னா மறுநாளே ஆள் வந்து நிப்பார், வெளிநாட்டு மெஷினுக்கு ஒரு சீல் வர மாசக்கணக்குல காத்துக்கிட்டு இருக்கிறதை விட எவ்வளவோ மேல். ஹாயிஸ்ட், ரெயில், வால்வு, லோட் செல், இதை மட்டும் பேர் உள்ள கம்பெனிதா போடச் சொல்லுங்க, சோதனைச் சான்றிதழோட. மதிப்பிட்ட எடையோட 125 சதவீதம் ஏத்தி உங்க கண் முன்னால காட்டச் சொல்லுங்க.

காசு முழுசா குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ட்ரையல் வையுங்க. உங்க லைன்ல இருக்கிறதுலயே பெரிய வீல் ஒண்ணு, சின்ன வீல் ஒண்ணு, உங்ககிட்ட இருக்கிறதுலயே குள்ளமான ஆபரேட்டர் ஒருத்தர், உயரமான ஒருத்தர், அரை மணி நேரம், லைன் ஓடுற அதே வேகத்துல. ஓட்டிக் காட்டுறது ஃபேப்ரிகேட்டரோட ஆளா இருக்கக் கூடாது, அவர் பழகினவர், அழகா காட்டிடுவார். நைட் ஷிஃப்ட்ல நிக்கிற உங்க பையனை விட்டு ஓட்டச் சொல்லுங்க, அவன் சொல்ற குறையை பேப்பர்ல எழுதி, அதெல்லாம் சரி பண்ணின பிறகு மிச்ச பணம்னு ஆர்டர்லயே போட்டுடுங்க.